கனடாவில் பி.ஆர். தேடும் உளவியலாளருக்கு: புள்ளிக்கு முன் மாகாணத்தைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: வயது 29, மணமாகவில்லை. எம்.எஸ்சி. உளவியல், அதன்பின் மருத்துவ உளவியலில் எம்.ஃபில்., ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு, தனியார் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மூன்றாண்டு முழுநேர வேலை. கனடாவில் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வாங்க எந்த வழி நல்லது? போனபின் உளவியலாளராகவே வேலை பார்க்க முடியுமா?

முதல் பாதிக்கு விடை எளிது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற மத்திய அரசின் புள்ளிமுறைத் தேர்வில் உடல்நலம் மற்றும் சமூக சேவைப் பிரிவு உங்களுக்குப் பொருந்தும். இரண்டாம் பாதிதான் ஆட்களை வருடக்கணக்கில் மாட்டவைக்கிறது. பி.ஆர். கொடுப்பது மத்திய அரசு, தொழில் உரிமம் கொடுப்பது மாகாண ஒழுங்குமுறை அமைப்பு. முன்னது உங்கள் உரிமத்தைக் கேட்பதில்லை, பின்னது சி.ஆர்.எஸ். எனப்படும் உங்கள் குடிவரவுத் தரவரிசைப் புள்ளியைப் பார்ப்பதில்லை. பி.ஆர். அட்டை கையில் இருந்தும், பத்து வருட மருத்துவ அனுபவம் உள்ளவர் முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கிறார் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்: உரிமத்தைப் பற்றிய கேள்வியை விமானம் ஏறியபின் கேட்டார். ஆகவே என் பரிந்துரை, மாகாணத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அதை உரிம விதிகளை வைத்து முடிவு செய்யுங்கள், உறவினர் வீட்டை வைத்து அல்ல.

ஆனாலும் நுழைவு இல்லாமல் உரிமம் இல்லை. எனவே புள்ளிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம்.

வெளிநாட்டு அனுபவத்தோடு வருபவர் முதலில் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் திட்டத்தில் 100-க்கு 67 எடுக்க வேண்டும். உங்களுக்கு வயதுக்கு 12, முதுகலைக்கு 23, மூன்றாண்டு அனுபவத்துக்கு 11. மிச்சம் ஆங்கிலம். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்ற நான்கு திறன்களிலும் கனடாவின் மொழி அளவுகோலான சி.எல்.பி.-இல் 9 இருந்தால் 24 கிடைத்து மொத்தம் 70. நான்கிலும் சி.எல்.பி. 8 மட்டும் என்றால் 20, மொத்தம் 66. ஒரே ஒரு புள்ளியில், அழைப்புக்குக் காத்திருக்கும் விண்ணப்பதாரர் குளத்துக்குள்ளேயே இறங்க முடியாது. ‘எட்டு போதும்’ என்று சொல்லும் ஆலோசகர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

குளத்துக்குள் போனபின் ஓடுவது சி.ஆர்.எஸ். கணக்கு. வயது 29-க்கு 110, முதுகலைக்கு 135, சி.எல்.பி. 9-க்கு திறன் ஒன்றுக்கு 31 வீதம் 124, கல்வியும் ஆங்கிலமும் சேர்ந்த இணைப்புக்கு 50, அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்த இணைப்புக்கு 50. ஆக 469.

இப்போது ஒரே ஒரு திறன் சறுக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் தேர்வில் சி.எல்.பி. 9 என்பது கேட்டலில் 8, மற்ற மூன்றில் 7. எழுத்தில் மட்டும் 6.5 வந்தால் அந்தத் திறனில் போவது 8 புள்ளிதான். ஆனால் இரண்டு இணைப்புகளும் ‘நான்கிலும் 9’ என்ற நிபந்தனையில் நிற்பவை. ஒவ்வொன்றும் 50-இலிருந்து 25-க்கு இறங்கும். 469 என்பது 411 ஆகிவிடும். எழுத்தில் அரை மதிப்பெண்ணுக்கு விலை 58 புள்ளி. மனநலத் துறையில் இருப்பவர்களுக்குப் பேச்சும் கேட்டலும் பெரும்பாலும் வந்துவிடும். சறுக்குவது எழுத்தில். மறுபடி தேர்வு எழுதச் செலவழிக்கும் பணம் இந்த முழு முயற்சியிலேயே அதிகப் பலன் தரும் பணம். பி.டி.இ. எழுதுவதாக இருந்தால் கோர் தேர்வுதான் செல்லும், அகாடெமிக் செல்லாது. ஐ.இ.எல்.டி.எஸ்.-இலும் ஜெனரல்தான்.

469 போதுமா? 2025-இல் உடல்நலப் பிரிவு டிராக்களின் (அழைப்புச் சுற்றுகளின்) கட்-ஆஃப் 462-க்கும் 510-க்கும் இடையே ஓடியது. மே மாதம் 500 பேரை மட்டும் அழைத்தபோது 510. ஜூலை 22-இல் 4,000 பேரை அழைத்தபோது 475. நவம்பர் 14-இல் 3,500 பேருக்கு 462. கட்-ஆஃப் எத்தனை பேரை அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது என்பதை இதில் பார்க்கலாம். நீங்கள் சரியாக எல்லைக் கோட்டில் இருக்கிறீர்கள். நான்கு திறன்களிலும் சி.எல்.பி. 10 எடுத்தால் 12 கூடி 481. முப்பது ஆனதும் வயதுப் புள்ளி 105, 31-இல் 99, 32-இல் 94, 35-இல் 77. காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதால் அடுத்த பிறந்தநாளுக்கு முன் குளத்தில் இருப்பது நல்லது.

பிரெஞ்சு கற்க ஒன்றரை வருடம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு அது தனிச் சாலை. நான்கு திறன்களிலும் நிலை 7 எட்டினால் 50 கூடுதல் புள்ளியும், பிரெஞ்சு மொழிப் பிரிவில் தனி டிராவும் உண்டு. 2025 மார்ச்சில் அந்தப் பிரிவின் கட்-ஆஃப் 379 வரை இறங்கியது. முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கல்விச் சான்று மதிப்பீட்டில் ஒரு குழி இருக்கிறது. மூன்றாண்டு இளங்கலையும் இரண்டாண்டு முதுகலையும் கனடிய முதுகலைக்குச் சமம் என்று அறிக்கை வந்தால் 135. ‘இளங்கலைக்குச் சமம்’ என்று மட்டும் வந்தால் 120 ஆவதோடு, கல்வி இணைப்பும் 25 ஆகச் சுருங்கும். மொத்தம் 40 புள்ளி நஷ்டம். தொலைநிலைக் கல்வியில் படித்தவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே, அந்த மதிப்பீட்டு நிறுவனம் தங்கள் பல்கலைக்கழகத்தையும் பாடமுறையையும் எப்படிப் பார்க்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். எம்.ஃபில். சி.ஆர்.எஸ்.-இல் தனியாகப் புள்ளி எதுவும் கூட்டாது. ஆனால் உரிமத்துக்கு அதுதான் உங்கள் முதுகெலும்பு. எனவே மதிப்பீட்டில் அதை விட்டுவிடாதீர்கள். அறிக்கை ஐந்தாண்டு செல்லும், மொழித் தேர்வு இரண்டாண்டு.

அடுத்தது என்.ஓ.சி. எனப்படும் தொழில் வகை எண். விண்ணப்பங்கள் மறுக்கப்படும் முக்கியமான இடம் இது. உளவியலாளர் 31200. ஆலோசனை மற்றும் சிகிச்சை வழங்கும் தெரபிஸ்ட் 41301. சமூகப் பணியாளர் 41300. சமூக சேவைப் பணியாளர் 42201. இந்த நான்கும் 2025 உடல்நலப் பிரிவுப் பட்டியலில் இருந்தன. பள்ளி, கல்லூரியில் மாணவர் ஆலோசகராக இருப்பவரின் எண் 41320. அது அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊரில் பள்ளிக் கவுன்சலருக்கும் ‘சைக்காலஜிஸ்ட்’ என்றே நியமனக் கடிதம் தருகிறார்கள். குடிவரவு அதிகாரி பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, செய்த வேலையைப் பார்க்கிறார். பாடத்திட்டத் தேர்வு, தேர்வு பயம், பெற்றோர் கூட்டம் என்று கடிதம் சொன்னால் 31200 நிற்காது. உளவியல் சோதனைகள் நடத்துதல், நோயறிதல், சிகிச்சைத் திட்டம் வகுத்தல், சிகிச்சை அளித்தல் என்று உண்மையிலேயே செய்திருந்தால் அதைக் கடிதம் சொல்ல வேண்டும்.

அந்தக் கடிதம் மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, தொடர்பு விவரத்தோடு, வேலையில் சேர்ந்த தேதி, வார மணிநேரம், ஆண்டுச் சம்பளம், செய்த பணிகள் எல்லாம் அடங்கியதாக இருக்க வேண்டும். மனிதவளப் பிரிவு வழக்கமாகத் தருவது ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்’ என்ற நான்கு வரி. அது செல்லாது. அப்படித்தான் தருவோம் என்று சொன்னால், துறைத் தலைவரிடம் பணிகளைப் பட்டியலிட்ட தனிக் கடிதம் வாங்கி, சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு சேர்த்து வையுங்கள். என்.ஓ.சி. பக்கத்தில் உள்ள வாசகங்களை அப்படியே நகலெடுத்துக் கடிதம் தயாரிக்காதீர்கள். அதிகாரிகளுக்கு அந்த வாசகங்கள் மனப்பாடம்.

தொடர்ச்சியான ஒரு வருடம், 1,560 மணிநேரம், ஒரே எண்ணில் இருக்க வேண்டும். உடல்நலப் பிரிவுக்குத் தகுதி பெற அதே எண்ணில் கடந்த மூன்றாண்டுக்குள் அனுபவம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. பத்து வருடத்துக்கு முன் மருத்துவமனையில் இருந்துவிட்டு இப்போது கார்ப்பரேட் பயிற்சிக்கு மாறியவர்கள் இங்கே விழுகிறார்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பும் தன்னார்வப் பணியும் கணக்கில் வராது. தனியாகப் பிராக்டிஸ் செய்தவர்கள் அந்த அனுபவத்தை இந்தத் திட்டத்தில் காட்டலாம், ஆனால் சான்று வெளியாரிடமிருந்து வர வேண்டும்: வருமான வரிக் கணக்கு, ரசீதுகள், வாடகை ஒப்பந்தம், நோயாளிகளை அனுப்பிய மருத்துவர்களின் கடிதம். நோயாளி பெயர்களை மறைத்துவிட்டே எதையும் பதிவேற்ற வேண்டும். இதே சுயதொழில் கனடாவில் செய்தால், கனடிய அனுபவத் திட்டத்தில் அது அனுபவமாக எண்ணப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆர்.சி.ஐ. பதிவோ கனடிய உரிமமோ இல்லாதது இந்தக் கட்டத்தில் தடை அல்ல. அந்தத் தொழிலின் முக்கியப் பணிகளைச் செய்தீர்களா என்பது மட்டுமே கேள்வி.

இனி உரிமம்.

‘உளவியலாளர்’ என்ற பட்டப்பெயர் கனடாவில் சட்டப் பாதுகாப்பு பெற்றது. பதிவில்லாமல் விசிட்டிங் கார்டில் போட்டால்கூட நடவடிக்கை வரும். பிரிட்டிஷ் கொலம்பியா, மானிடோபா, கியூபெக் மாகாணங்களில் அதற்கு முனைவர் பட்டம் கேட்கிறார்கள். கியூபெக்கை எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வருபவர் விட்டுவிடலாம், அதன் குடிவரவுத் தேர்வு முறையே தனி. ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன் முதுகலையோடு வருபவருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. ஆல்பர்ட்டாவில் முறை இப்படி: முதலில் உங்கள் பட்டங்களைப் பாடம் பாடமாக மதிப்பிடுவார்கள். குறையும் பாடங்களைப் படிக்கச் சொல்வார்கள். பிறகு தற்காலிக உளவியலாளராகப் பதிவு, குறைந்தது 1,600 மணிநேரம் மேற்பார்வையில் பணி, இ.பி.பி.பி. எனும் உளவியலாளர் உரிமத் தேர்வு. அந்தத் தேர்வில் 225 கேள்விகள், நாலே கால் மணிநேரம். எம்.ஃபில். பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள தொழில்-நிறுவன உளவியல், வட அமெரிக்கத் தொழில் நெறி ஆகியவையும் அதில் வரும்.

உளவியலாளர் என்ற பட்டமே வேண்டும் என்பவருக்கு என் தேர்வு ஆல்பர்ட்டா. சிகிச்சை அறையில் உட்கார்ந்து ஆட்களைப் பார்க்க வேண்டும், பட்டப்பெயர் எதுவானாலும் சரி என்பவருக்கு ஒன்டாரியோ. ஏனெனில் ஒன்டாரியோவில் உளச்சிகிச்சையாளர் என்ற தொழிலுக்குத் தனிச் சட்டமும், சி.ஆர்.பி.ஓ. என்ற தனி அமைப்பும் 2015 முதல் இயங்குகின்றன. முதுகலை நிலைக் கல்விதான் அளவுகோல். முதலில் ‘குவாலிஃபையிங்’ பதிவு கிடைக்கும். அந்தப் பதிவோடு மேற்பார்வையில் சிகிச்சை அளிக்கலாம், கட்டணமும் வாங்கலாம். பதிவுத் தேர்வு, 450 மணிநேர நேரடிச் சிகிச்சை, 100 மணிநேர மேற்பார்வை முடிந்தால் முழுப் பதிவு. 1,000 மணிநேரச் சிகிச்சையும் 150 மணிநேர மேற்பார்வையும் ஆனபின் மேற்பார்வை இல்லாமல் தனித்து இயங்கலாம்.

இந்தியப் பட்டம் அந்த அமைப்பின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்காது. எனவே உங்கள் ஒவ்வொரு பாடத்தையும் அவர்களின் திறன் பட்டியலோடு பொருத்திக் காட்ட வேண்டும். மதிப்பெண் பட்டியல் இதற்குப் போதாது. பாடவாரியான சிலபஸ், ஒவ்வொன்றுக்குமான மணிநேரம், படித்த நூல்கள், செய்முறைப் பயிற்சி விவரம் கேட்பார்கள். குறிப்பாக, சிகிச்சையாளர் தன் சொந்த மனச்சாய்வுகளையும் உணர்வுகளையும் அறிந்து பாதுகாப்பாகப் பணியாற்றப் பயிற்சி பெற்றாரா என்று தனியாகக் கேட்பார்கள். நம் பாடத்திட்டங்களில் இது மேற்பார்வை விவாதங்களுக்குள் நடக்கிறதே தவிர தனிப் பாடமாக எழுதப்பட்டிருப்பதில்லை. எங்கே நடந்தது, எத்தனை மணிநேரம் என்று துறையின் கடிதத்தில் எழுதி வாங்கவில்லை என்றால் அதைக் குறைபாடு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன் முடிக்க வேண்டிய வேலை இது: நீங்கள் படித்த ஆண்டின் சிலபஸ் (இப்போதைய சிலபஸ் அல்ல) பல்கலைக்கழக முத்திரையோடு, எம்.ஃபில். லாக்புக்கின் சான்றிட்ட நகல்; ஒவ்வொரு மேற்பார்வையாளரிடமிருந்தும் எந்தக் காலத்தில், எத்தனை மணிநேரம், தனியாகவா குழுவாகவா, எந்தச் சிகிச்சை முறை என்று குறிப்பிட்ட கடிதம். மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுவிட்டால், மருத்துவமனை நிர்வாகம் மாறிவிட்டால், டொரன்டோவிலிருந்து மின்னஞ்சல் அனுப்பி இதை வாங்குவது நடக்காத காரியம். இன்றைக்கு ஒரு மதியம் செலவழித்தால் முடிவது, பிறகு ஒரு வருடத்தை விழுங்கும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ‘கிளினிக்கல் கவுன்சலர்’ என்று பலர் பணிபுரிகிறார்கள். அது சங்கம் தரும் தன்னார்வச் சான்று, அரசு உரிமம் அல்ல. ஆனாலும் வேலை தருபவர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் அதை எதிர்பார்ப்பதால் நடைமுறையில் அதுவும் ஒரு கதவு.

மற்றத் துறையினருக்குச் சுருக்கமாக. எம்.எஸ்.டபிள்யூ. மருத்துவ-மனநலப் பிரிவில் படித்தவர்களுக்கு உளவியலாளரைவிடப் பாதை நேரானது. ஒன்டாரியோவில் பதிவுபெற்ற சமூகப் பணியாளர் சட்டப்படி உளச்சிகிச்சையும் அளிக்கலாம். மருத்துவமனை வேலை விளம்பரங்களும் இவர்களைத்தான் அதிகம் தேடுகின்றன. களப்பணி மணிநேரச் சான்றை மட்டும் கவனமாகத் திரட்டுங்கள்.

செவிலியர்கள் ஒரு சுருக்கெழுத்தில் ஏமாறுகிறார்கள். மேற்கு மாகாணங்கள் நான்கில் ஆர்.பி.என். என்றால் மனநலச் செவிலியர், எண் 31301. ஒன்டாரியோவில் அதே மூன்றெழுத்து நடைமுறைச் செவிலியரைக் குறிக்கும், எண் 32101. மனநலச் செவிலியர் என்ற தனிப் பதிவே ஒன்டாரியோவில் இல்லை. அங்கே பொதுச் செவிலியராகப் பதிவு செய்து மனநல வார்டில் வேலை தேட வேண்டும்.

மனநல மருத்துவர்களின் நிலை வேறு. கல்வி மதிப்பீட்டையே கனடா மருத்துவக் கவுன்சில் வழியாகத்தான் செய்ய வேண்டும். இந்தியாவின் எம்.டி. பட்டம், கனடாவில் சிறப்பு மருத்துவர்களுக்குச் சான்றளிக்கும் ராயல் கல்லூரியின் அங்கீகரிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இல்லாததால், நேராகச் சிறப்பு மருத்துவராவது அரிது. சில மாகாணங்கள் நடத்தும் பணித்தகுதி மதிப்பீட்டுத் திட்டங்கள்தான் நடைமுறை வழி.

புள்ளி எட்டாதவர்களுக்கு மாகாண நியமனம் (மாகாணமே உங்களைத் தேர்ந்து பரிந்துரைப்பது) 600 புள்ளி தருகிறது. அது கிடைத்தால் அழைப்பு உறுதி என்றே கொள்ளலாம். ஆல்பர்ட்டா உடல்நலப் பணியாளர்களுக்கென்று தனி வழி வைத்திருக்கிறது, ஆனால் வேலை வாய்ப்புக் கடிதமும் உரிமத் தகுதியும் கேட்கிறது. உரிமத்தை முன்கூட்டியே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்: தற்காலிகப் பதிவுக்குத் தகுதி என்ற கடிதம் கையில் இருப்பவரிடம்தான் வேலை தருபவர் பேசுவார். ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்கிறேன். வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் இருந்த 50 அல்லது 200 புள்ளி 2025 மார்ச் 25-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதைக் காட்டி லட்சக்கணக்கில் பணம் கேட்பவர் இல்லாத பொருளை விற்கிறார். ஆலோசகர் வேண்டுமென்றால் கனடாவின் ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்றவரா என்று அதன் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கனடாவிலேயே ஆலோசனை உளவியலில் இன்னொரு முதுகலை படிக்கலாமா என்றும் கேட்பார்கள். செலவு பெரியது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட படிப்பாக இருந்தால் உரிமச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும், முடித்தபின் மூன்றாண்டு வேலை அனுமதி கிடைக்கும், சி.ஆர்.எஸ்.-இல் 30 கூடும். எம்.எஸ்சி. மட்டும் படித்து, செய்முறைப் பயிற்சி ஆவணமே இல்லாதவர்களுக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். எம்.ஃபில். முடித்த உங்களுக்கு வேண்டாம்.

அழைப்பு வந்தபின் 60 நாள் அவகாசம். அது போதாது என்று எண்ணி முன்பே திரட்டுங்கள். கடந்த பத்தாண்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று தேவை. 2025 ஆகஸ்ட் 21 முதல் மருத்துவப் பரிசோதனையை விண்ணப்பத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். பணம்: தனி நபருக்கு 2025 அறிவிப்புப்படி 15,263 கனடிய டாலர் கையிருப்பு. இந்தத் தொகை ஆண்டுதோறும் மாறும். கடன் வாங்கிய பணம் செல்லாது, நிலம் வீட்டு மதிப்பும் செல்லாது. வங்கிக் கடிதத்தில் கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பு வரவேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் அப்பா கணக்கிலிருந்து பத்து லட்சம் வந்து விழுந்தால் அதற்கு நன்கொடைப் பத்திரமும் அவர் கணக்கு விவரமும் கேட்பார்கள். அரசுக் கட்டணம் 2024 ஏப்ரல் உயர்வின்படி 1,525 டாலராக இருந்தது.

இறங்கிய முதல் வருடத்துக்கு, உரிமம் தேவையில்லாத ஆனால் துறைக்குள்ளேயே இருக்கும் வேலைகளைத் தேடுங்கள்: நெருக்கடி உதவி எண்கள், சமூக மனநல மையங்களில் கேஸ் மேனேஜர், போதை மீட்பு இல்லங்கள், குடியேறியோர் சேவை நிறுவனங்கள். கனடிய மேற்பார்வையாளர்களின் அறிமுகம் அங்கேதான் கிடைக்கும். ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் போரை நேரில் கண்ட ஈழத் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் மூத்தவர்களுக்குத் தங்கள் துயரத்தை ஆங்கிலத்தில் சொல்ல வராது. தமிழில் சிகிச்சை அளிக்கக்கூடியவர் அங்கே உண்மையிலேயே தேவை. சி.ஆர்.எஸ். இதற்குப் புள்ளி தராது, ஆனால் நேர்காணலில் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லுங்கள்.

மேற்பார்வையாளரைத் தேர்வதிலும் விதி உண்டு. சி.ஆர்.பி.ஓ. கணக்கில், அவர் தனித்து இயங்கும் தகுதி உள்ளவராக, ஐந்தாண்டு விரிந்த மருத்துவ அனுபவத்தோடு, மேற்பார்வை குறித்து 30 மணிநேரப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்காமல் சேர்ந்து, மணிநேரங்களைச் சமர்ப்பிக்கும் நாளில் எல்லாம் தள்ளுபடி ஆனவர்கள் உண்டு. முதல் அமர்வுக்கு முன்பே அவர் தகுதியை எழுத்தில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு மாத இறுதியிலும் மணிநேரப் பதிவில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.